ஒரே மெட்டு, இரண்டு காணிக்கை: ஷூமானுக்காக கிளாராவும் பிராம்சும் எழுதிய பியானோ இசை

ஒருவர் அமைத்த சிறு மெட்டை இன்னொருவர் எடுத்து, அதன் வேகத்தையும் தாளத்தையும் சுரங்களையும் மாற்றி மாற்றிப் புதிய பகுதிகளாக எழுதுவதை மேற்கத்திய இசையில் ‘வேரியேஷன்’ என்பர். மெட்டு எவ்வளவு மாறினாலும் அதன் சாயல் உள்ளே இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் துயரத்தோடு கலந்துவிட்ட இரண்டு வேரியேஷன் படைப்புகள் இவை.

மூல மெட்டு

ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் 1841-ஆம் ஆண்டு எழுதிய சிறிய பியானோ இசை இது. நீளம் 24 தாளக்கட்டுகள் மட்டுமே. ‘பல வண்ணத் தாள்கள்’ என்று பொருள்படும் ‘புண்டெ பிளெட்டர்’ தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

கிளாராவின் பரிசு

ஷூமானின் மனைவி கிளாரா, புகழ்பெற்ற பியானோ கலைஞர். 1853 ஜூன் 8-இல் கணவரின் பிறந்தநாளுக்கு இந்த மெட்டில் ஏழு வேரியேஷன்களை எழுதிக் கொடுத்தார். ஷூமான் குடும்பத்தோடு கொண்டாடிய கடைசிப் பிறந்தநாள் அதுதான்.

1854 பிப்ரவரி 27-இல் மனநோயின் கொடுமையால் ஷூமான் ரைன் ஆற்றில் குதித்தார். உயிர் தப்பிய அவர், அன்று பான் நகருக்கு அருகில் இருந்த எண்டெனிக் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அப்போது ஆறு பிள்ளைகளின் தாயான கிளாரா மீண்டும் கருவுற்றிருந்தார். கணவரைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

பிராம்சின் ஆறுதல்

ஷூமானால் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட இளைஞர் யோகன்னஸ் பிராம்ஸ், குடும்பத்துக்குத் துணையாக நின்றார். அதே மெட்டில் 16 வேரியேஷன்களை எழுதி கிளாராவுக்குக் காணிக்கையாக்கினார். அப்போது அவருக்கு வயது 21.

ஒன்பதாவது பகுதி, ஷூமானின் அதே தொகுப்பில் அடுத்து வரும் சிறு இசையின் சாயலில் அமைந்தது. பத்தாவதின் முடிவில் கிளாரா இளவயதில் அமைத்த ஒரு மெட்டு ஒலிக்கிறது. கடைசிப் பகுதியில் மெட்டு மறைந்து, அதன் கீழ்ச்சுரங்களே மெல்லத் தேய்கின்றன.

இரண்டு படைப்புகளும் 1854-இல் அச்சாகின. பிராம்சின் படைப்பைக் காப்பகத்தில் இருந்தபடியே படித்த ஷூமான், கடிதம் எழுதிப் பாராட்டினார். 1856 ஜூலை 29-இல் அவர் காலமானார். அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்புதான் கிளாராவால் அவரைக் காண முடிந்தது.

கேட்க விரும்புவோர் முதலில் மூல மெட்டையும், பிறகு கிளாராவையும், இறுதியில் பிராம்சையும் கேட்டால் மாற்றங்கள் எளிதில் புரியும்.