தூக்குக் கயிறும் ஒரு பவுண்டு நோட்டும்

டெர்ரி ப்ராட்செட்டின் ‘மேக்கிங் மனி’ நாவல் 2007 செப்டம்பரில் வெளிவந்தது. அதே மாதம் 14ஆம் தேதி, இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு முன்னால், போட்ட பணத்தைத் திரும்பப் பெற மக்கள் வரிசையில் நின்றார்கள். மூன்று நாட்கள் கழித்து அரசு உத்தரவாதம் அளித்த பிறகே வரிசை கலைந்தது. 2008 பிப்ரவரியில் அவ்வங்கி அரசுடைமை ஆனது. ப்ராட்செட்டுக்குத் தீர்க்கதரிசனம் இருந்ததென்று அப்போது பலர் வியந்தனர். நாவல் அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. எனவே அது தற்செயல்தான். என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. இந்நாவல் எதிர்காலத்தைச் சொல்வதைக் காட்டிலும், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய லண்டனைத்தான் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டிஸ்க்வேர்ல்ட் என்னும் கற்பனை உலகின் பெருநகரம் ஆங்க்-மார்போர்க். அங்கே மாயிஸ்ட் வான் லிப்விக் என்றொரு எத்தன். 2004இல் வந்த ‘கோயிங் போஸ்டல்’ நாவலில் தூக்குமேடைவரை சென்று மீண்டு, நகரை ஆளும் வெட்டினாரியின் ஆணைப்படி அஞ்சல் துறையைச் சீரமைத்தவன். இப்போது அவனிடம் வங்கி ஒப்படைக்கப்படுகிறது. ஒப்படைக்கப்படும் விதம் வேடிக்கையானது. வங்கியின் முதிய உரிமையாளரான டாப்ஸி லாவிஷ் தன் பங்குகளை வளர்ப்பு நாய்க்கும், நாயை மாயிஸ்டுக்கும் எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறாள். வங்கியின் தலைவர் நாய். நாயின் காப்பாளன் எத்தன். தான் அச்சிட்ட அஞ்சல் தலைகளையே ஊரார் சில்லறையாகப் புழங்குவதைக் காணும் மாயிஸ்டுக்கு ஒரு யோசனை பிறக்கிறது: பொன் எதற்கு, காகிதமே போதாதா? அந்தக் காகிதத்துக்குச் சித்திரம் செதுக்க அவன் தேடிப்பிடிக்கும் ஆள், அஞ்சல் தலைகளைக் கள்ளத்தனமாக உருவாக்கித் தூக்குத் தண்டனை பெற்ற ஒரு கலைஞன். அவனைச் சிறையிலிருந்து விடுவித்து நோட்டு வரையச் சொல்கிறான்.

சிரித்துக்கொண்டே கடந்துவிடக்கூடிய இடம் இது. ஆனால் இங்கிலாந்தின் நாணய வரலாற்றை அறிந்தவரால் இங்கே அத்தனை எளிதாகச் சிரிக்க முடியாது.

1694இல், மூன்றாம் வில்லியம் அரசருக்குப் போர்ச்செலவுக்காக 12 லட்சம் பவுண்டு கடன் கொடுப்பதற்காகத் தோன்றியது இங்கிலாந்து வங்கி. கொண்டுவருபவருக்கு இத்தனை பவுண்டு தருவதாக அதன் நோட்டுகள் வாக்களித்தன. வங்கிக்குப் போனால் பொன் கிடைத்தது. நூறாண்டுகள் இந்த ஏற்பாடு ஓடியது. 1797 பிப்ரவரியில், பிரெஞ்சுப் படையினர் சுமார் 1,400 பேர் வேல்ஸ் கரையில் ஃபிஷ்கார்ட் அருகே வந்திறங்கினார்கள். இரண்டே நாளில் சரணடைந்தும்விட்டார்கள். என்றாலும் செய்தி பரவிய வேகத்தில் பொன்னைக் கேட்டுக் கூட்டம் கூடியது. போர்ச்செலவால் ஏற்கெனவே கையிருப்பு வற்றியிருந்தது. பிப்ரவரி 26 ஞாயிற்றுக்கிழமை, நோட்டுக்குப் பொன் தருவதை நிறுத்திவைக்கும்படி வங்கிக்கு ஆணை பிறந்தது. மறுநாளே லண்டன் வணிகர்கள் கூடி, வங்கியின் நோட்டுகளைத் தாங்கள் வாங்கிக்கொள்வோம் என்று உறுதி கூறிக் கையொப்பமிட்டார்கள். கவனியுங்கள்: பொன் இல்லை என்பது ஊரறிந்த செய்தி, ஆயினும் நோட்டு செல்லும். ஏனெனில் அது செல்லும் என்று வாங்குகிறவர்களே சொல்லிவிட்டார்கள். மாயிஸ்ட் மேடைபோட்டுப் பேசி நிறுவ முயல்வதை அவர்கள் ஒரு கையொப்பத்தில் முடித்துவிட்டார்கள்.

சில நாட்களுக்கென்று வந்த ஏற்பாடு 1821வரை நீடித்தது. கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே, 1797 மே மாதத்தில் வங்கியை நோட்டுகளால் ஆன ஆடை அணிந்து பொற்பெட்டிமேல் அமர்ந்திருக்கும் மூதாட்டியாக வரைந்தார். பிரதமர் பிட் அவளைக் கொஞ்சுவதுபோல் கொஞ்சிப் பொன்னைக் கவர்கிறார். ‘த்ரெட்நீடில் தெருவின் மூதாட்டி’ என்ற பெயர் வங்கிக்கு நிலைத்தது அதன் பிறகுதான். டாப்ஸி லாவிஷ் இந்த மூதாட்டியின் பேத்தி என்றே நான் எண்ணுகிறேன்.

வேடிக்கை இத்துடன் முடிகிறது. அதுவரை வங்கியின் மிகச்சிறிய நோட்டு 5 பவுண்டு. ஏழைகளின் கைக்கு வராத தொகை. பொன் நாணயங்கள் மறைந்ததால் 1 பவுண்டு, 2 பவுண்டு நோட்டுகள் அவசரமாக அச்சிடப்பட்டன. ஒரு பக்கம் மட்டும் கறுப்பு மையில் அச்சான, எவரும் எளிதில் நகலெடுக்கக்கூடிய தாள்கள் அவை. வாங்கியவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. கள்ள நோட்டு பெருகியது. அதற்குச் சட்டம் வகுத்த தண்டனை மரணம். அச்சிட்டவருக்கு மட்டுமல்ல, அறிந்தே கைமாற்றியவருக்கும்தான். 1797க்கும் 1821க்கும் இடையில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். நியூகேட் சிறை முன்னே பெண்களும் தொங்குவதைக் கண்டதாகக் கூறிய ஓவியர் ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் 1819இல் ஒரு போலி நோட்டு வரைந்தார். அதில் தூக்கு மரத்தில் வரிசையாக மனிதர்கள் தொங்குகிறார்கள். பவுண்டுக் குறி சுருக்குக் கயிறாக வளைந்திருக்கிறது. கையொப்பமிட்டிருப்பவன் கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவன். இதைப் பார்த்த கண்ணோடு ப்ராட்செட்டைத் திரும்பப் படித்தால், கள்ளக் கலைஞனைக் கயிற்றிலிருந்து இறக்கி வங்கிக்குள் அழைத்துவரும் காட்சி வேறாகத் தெரிகிறது. அரசின் தாளுக்கும் கள்ளனின் தாளுக்கும் இடையே அரசின் ஆணை ஒன்றைத் தவிர வேறென்ன வேறுபாடு என்று அது கேட்கிறது.

வங்கியின் நிலவறையில் கண்ணாடிக் குழாய்களில் நீரோடும் இயந்திரம் ஒன்று வருகிறது. நகரத்தின் பணவோட்டத்தைக் காட்டும் அதைப் பலர் ஆசிரியரின் கற்பனை என்றே நினைக்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த பில் பிலிப்ஸ் அப்படியொன்றை மெய்யாகவே செய்தார். போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மீண்ட பொறியாளர் அவர். லண்டன் பொருளியல் பள்ளியில் படிக்கும்போது, ஒரு வண்டிக் கொட்டகையில் பழைய போர் விமானப் பாகங்களையும் கொண்டு அதை உருவாக்கி, 1949 நவம்பரில் பேராசிரியர்கள் முன் இயக்கிக் காட்டினார். வரியும் சேமிப்பும் இறக்குமதியும் வண்ண நீராய்ப் பிரிந்து ஓடின. பிலிப்ஸின் இயந்திரம் நாட்டைக் காட்டியது. ப்ராட்செட்டினுடையதில் நீரைத் திருப்பினால் நகரமே மாறிவிடும். பொருளியல் அறிஞர்களின் ரகசிய ஆசையை இதைவிடக் கூர்மையாகக் கிண்டல் செய்ய முடியாது.

நாவலில் குறைகள் இல்லாமலில்லை. வெட்டினாரியாகவே மாறிவிடத் துடிக்கும் காஸ்மோ லாவிஷின் கிளைக்கதை தேவைக்கு மேல் நீள்கிறது. அதைவிடப் பெரிய குறை முடிவில் உள்ளது. பொன் எதற்கு என்று கேட்டவன், கடைசியில் மண்ணிலிருந்து எழுந்துவரும் நாலாயிரம் களிமண் பூதங்களைப் பணத்துக்கு ஈடாக நிறுத்தி, அவற்றைத் திரும்பப் புதைத்துவிடுகிறான். வெறும் நம்பிக்கையே போதும் என்று வாதாடிவந்த நாவல் இங்கே அஞ்சிப் பின்வாங்குகிறது. பொன்னை விட உழைப்பு மேலான ஈடு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் புதைந்து கிடக்கும் உழைப்புக்கும் புதைந்து கிடக்கும் பொன்னுக்கும் என்ன வேறுபாடு?

லண்டன் வணிகர்களுக்கு அத்தகைய பூதங்கள் தேவைப்படவில்லை. கள்ள நோட்டுக்கான தூக்குத் தண்டனை 1830களில் ஒழிந்தது. நோட்டுக்குப் பொன் தரும் கடமையை இங்கிலாந்து 1931 செப்டம்பரில் கைவிட்டது. கொண்டுவருபவருக்குத் தருவதாகச் சொல்லும் அந்தப் பழைய வாக்குறுதி மட்டும் இங்கிலாந்து வங்கியின் நோட்டுகளில் இன்றும் அச்சாகிறது; நம் ரூபாய் நோட்டில் ஆளுநரின் கையொப்பத்துக்கு மேலேயும் இருக்கிறது.