மூன்று உடன்பிறந்தார் கண்ட நிறுவனம்

காவிரியின் வடகரையில், தொட்டியம் வட்டாரத்தில் வாழும் நம் மக்களுக்குக் கட்டுமானப் பணி புதியதன்று. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கியதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அணையோ, பாலமோ, வாய்க்காலோ, அடிக்கல் நாட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். ஒப்பந்தக்காரர் பெயர் கணக்கில் இருக்கும். மண் சுமந்தவர் பெயர் எங்கும் இராது. கூலியாக நின்ற இடத்தில் ஒப்பந்தக்காரராக நிற்க நம்மவரால் இயலுமா என்னும் வினாவுக்கு விடையாக, மராட்டிய மாநிலத்துக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறேன்.

சாங்கிலி மாவட்டத்தில் பேட் என்றொரு சிற்றூர். தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்த காடே குடும்பத்தினர் அவ்வூரினர். தந்தையார் மும்பைக்குச் சென்று மரத்தடியில் அமர்ந்து செருப்புத் தைத்தார். தாயார் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தார். மூத்த மகன் தத்தா, மசகான் கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்புத் தொழில் பயின்றார். மேற்படிப்பைத் தொடர வசதியில்லாத தம்பி அசோக்கும் அங்கேயே பயிற்சியாளராகச் சேர்ந்து, கப்பல் வரைபடம் வரையக் கற்றார். இளையவர் சுரேஷும் அவ்வழியே வந்தார்.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். 1974-இல் மும்பைக்கு அப்பால் அரபிக்கடலில் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. அங்கு நிறுத்த வேண்டிய எஃகு மேடைகளைச் செய்யும் பணியிலும் மசகான் தளம் ஈடுபட்டது. எனவே இம்மூவரும் கற்றது கப்பல் தொழில் மட்டுமன்று. கடல் நடுவே கட்டுமானம் எழுப்பும் தொழிலும் ஆகும். 1980களில் அசோக் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். அங்கே உடன் பணிபுரிந்தவர் ஊதியம் தம்முடையதைவிடப் பன்மடங்கு என்று அறிந்தார். அதே வேலையை அறிந்த கைக்கு ஏன் இத்துணைக் குறைந்த விலை என்னும் எண்ணமே சொந்தத் தொழிலுக்கு வித்தாயிற்று.

1990களில் மூவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனமே தாஸ் ஆஃப்ஷோர். கடவுளுக்கு அடியவர் என்னும் பொருளில் வைத்த பெயரென்று பலர் நினைக்கக்கூடும். அன்று, தத்தா, அசோக், சுரேஷ் என்னும் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளே அவை. முதற்பணிகள் தாம் ஊழியம் செய்த தளத்திலிருந்தே துணை ஒப்பந்தமாகக் கிடைத்தன. பின்னர்க் கடல் மேடைகளைச் செய்வதும் செப்பனிடுவதுமாக வளர்ந்து, ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தரும் நிறுவனமாயிற்று. சுரேஷ் காடே அரசியலில் புகுந்து மிரஜ் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் மாநில அமைச்சரும் ஆனார். ஒரு காலத்தில் தம்மை உள்ளே விடாத ஊர்க்கோயிலை அசோக் தம் பொருளில் புதுப்பித்தார். தாயார் கூலி செய்த நிலத்தையும் விலைக்கு வாங்கினார். இவ்விரண்டில் நிலம் வாங்கியதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மும்பைக்கு மசகான் எப்படியோ, திருச்சிராப்பள்ளிக்குப் பாரத மிகுமின் நிறுவனம் அப்படி. 1960களில் உற்பத்தி தொடங்கிய அவ்வாலையைச் சுற்றித் துவாக்குடிப் பக்கம் எத்தனையோ சிறு பட்டறைகள் எழுந்தன. உருக்கை வெட்டவும் பற்றவைக்கவும் அறிந்தவரே அவற்றின் உயிர். ஆயினும், கைத்திறன் மட்டும் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தராது. முன்வைப்புத் தொகை வேண்டும். வங்கி உத்தரவாதம் வேண்டும். முன்பு செய்த வேலைக்குச் சான்று வேண்டும். முதல் வேலை கிடைக்காதவன் முன் அனுபவச் சான்றுக்கு எங்கே போவான்? நம்மவரை நெடுங்காலம் வெளியே நிறுத்திய கதவு இதுவே.

அக்கதவு சிறிது திறந்துள்ளது. 2012-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் கொள்முதல் கொள்கை, பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடமிருந்து 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்கிறது. கர்நாடகம் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களிலேயே இடஒதுக்கீடு செய்துள்ளது. தமிழக அரசு 2023-இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. உச்ச வரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். வட்டியிலும் 6 விழுக்காடு அரசே ஏற்கிறது. இத்திட்டம் பற்றிய விவரங்களைத் திருச்சி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு அறியலாம்.