நிறமாலைமானி விரியலாக்கிப் பழுது

நிறமாலைமானியின் உணரியிலிருந்து வரும் நனோ அம்பியர் அளவிலான மின்னோட்டத்தை அளக்கத்தக்க மின்னழுத்தமாக மாற்றும் சுற்று பழுதடைதல். வன்னியில் வவுனியா பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல், விவசாய பீடங்கள் அமைந்துள்ள வளாகத்திலும் இத்தகைய கருவிகள் பயன்படக்கூடிய அறிவியல் ஆய்வுகூடக் கல்வி நடைபெறுகிறது. ஒக்தோபர், நவம்பர் மாத இடிமின்னலும் பருவமழை ஈரப்பதனும் இவ்வலயத்தில் நுண் மின்சுற்றுகளுக்குப் பகை.

அறிகுறிகள்: வாசிப்பு ஒரே எண்ணில் உறைதல், பூச்சியம் நிலைகொள்ளாது நகர்தல், இரைச்சல் மிகுதல்.

சோதனை முறை: முதலில் விளக்கு எரிகிறதா, ஒளிப்பாதை திறந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்து மின்வழங்கியின் நேர், எதிர் மின்னழுத்தங்களை (பெரும்பாலும் ±15 வோல்ற்று) அளக்க வேண்டும். அவை சரியாக இருந்தும், ஒளியை மறைத்த பின்னரும் வெளியீடு ஒரு வழங்கி மின்னழுத்தத்தை அண்டியே நின்றால், செயற்பாட்டு விரியலாக்கியோ பின்னூட்டல் தடையோ ஐயத்துக்குரியது. 100 மெகா ஓம் பின்னூட்டல் தடையில் 1 நனோ அம்பியர் கசிவு 0.1 வோல்ற்றுப் பிழை தரும். எனவே பலகையில் படிந்த ஈரத் தூசியே பழுதுபோலத் தோன்றலாம். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் துடைத்து உலர்த்திய பின்னரே உறுப்புகளை மாற்றுவது நன்று.

எச்சரிக்கை: உணரி ஒளிப்பெருக்கிக் குழாயாக இருந்தால், அதற்கு 1000 வோல்ற்று வரை வழங்கப்படலாம். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் எஞ்சும்.

பழுது நீக்கியபின் ஒல்மியம் ஒட்சைட்டு வடியால் அலைநீளத்தையும், செறிவு தெரிந்த கரைசல்களால் உறிஞ்சல் நேர்கோட்டுத் தன்மையையும் சரிபார்க்க வேண்டும்.