தேத்தண்ணி நுரையில் ஓர் இழுபறி

கண்டித் தேயிலையின் கதையை எல்லாரும் ஜேம்ஸ் டெய்லரில் தொடங்குவார்கள்: 1867, லூல்கந்துர, 19 ஏக்கர். பேராதனைப் பூங்காவுக்குச் சீனத்துச் செடி 1824இலேயே வந்துவிட்டது. கோப்பியைத் துருநோய் தின்ற பிறகே மலையெங்கும் தேயிலை ஏறியது.

எனக்குப் பிடித்தது கோப்பைக்குள் நடந்த சரித்திரம். நல்ல தூள் கப்பலேறியது. பறித்த எங்கள் சனத்துக்கு லயத்தில் சாயத்தண்ணிதான். டவுனில் அப்பாவின் தேத்தண்ணிக் கடையில் டின்பால் உண்டு. கை உயர்த்தி ஆற்றுவார். நுரை நிற்காத கோப்பையை மேசைக்கு அனுப்பமாட்டார்.

இரசாயனம் படிப்பிக்க வந்த பிறகு அந்த நுரையை வேறுவிதமாகப் பார்த்தேன். குமிழியின் சுவரில் நடுவே நீர், இருபக்கமும் பால்புரதம். நீர் வடிந்து, சுவர் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே மெலிந்தால் வான்டர்வால்ஸ் விசை கைவைக்கும். மூலக்கூறுகளுக்குள் மின்னேற்றம் ஓயாமல் தளம்புகிறது. ஒன்றின் தளம்பல் அடுத்ததைத் தூண்ட, ஈர்ப்புப் பிறக்கிறது. 1930இல் இதைக் குவாண்டம் கணக்கால் காட்டியவர் லண்டன் (ஊரல்ல, ஜெர்மன்காரர்). 1948இல் காசிமிர் உலோகத் தட்டுகளுக்கும், 1950களில் லிஃப்ஷிட்ஸ் பொதுவான பொருள்களுக்கும் அதை விரித்தனர்.

இந்த ஈர்ப்பு சுவரை இன்னும் மெலிய வைத்து உடைக்கப் பார்க்கும். எதிரெதிர்ப் புரதப் படலங்களோ ஒரே மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளும். பால்புரதமான கேசீனின் நீண்ட இழைகளும் இடம் கேட்டு முட்டும். டின்பாலின் சீனி வடிதலைத் தாமதப்படுத்தும். அப்பாவின் கைத்திறனில் பாதி அந்த டின்னுக்குள் இருந்தது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலை. பொறுப்பு என்னிடம் இருந்தால், பழைய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஆற்றுகிற குவளை இரண்டும் ஒரு டின்பாலும் வைப்பேன்.