வானலையும் வீட்டுச் சுவரும்



வானொலியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் ஒலிபரப்புவோரின் வரலாற்றையே கூறி அமைவர். நிலையத்தை எழுப்பியவர் யார், கோபுரம் எத்தனை அடி உயரம், முதற்குரல் என்று ஒலித்தது என்பனவெல்லாம் ஏட்டில் ஏறியுள்ளன. அக்குரலைத் தன் வீட்டுத் திண்ணையிலே பிடித்துக் கேட்பதற்குக் கேட்போன் பட்ட பாடு ஏட்டில் ஏறியது மிகக் குறைவு. இன்று கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, குளமும் வயலும் சூழ்ந்த அக்கராயனிலே, மடிக்கணினியைத் திறந்து வைத்து, "வைஃபை எடுக்கவில்லை" என்று சலிக்கும் மாணவன் அந்தக் கேட்போனின் வழித்தோன்றலே ஆவான். அவனுடைய இடருக்குப் பரிகாரம் தேட வேண்டுமாயின், அலையின் வரலாற்றைக் கேட்போனின் பக்கத்திலிருந்து ஒருமுறை நோக்குதல் நன்று.

மின்காந்த அலை உண்டென்பதை 1880களின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹேர்ட்ஸ் தம் ஆய்வுகூடத்தில் நிறுவினார். 1895ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ், மிகச் சிறிய அலைகளைக் கொண்டு, கம்பித் தொடர்பு எதுவுமின்றிச் சுவருக்கு அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஆயினும், தூரத்தை வெல்ல விரும்பிய மார்க்கோனி நெட்டலைகளையே நாடினார். 1901இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிய அவருடைய சைகை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளங்கொண்ட அலையிலேயே சென்றது. போஸின் சிற்றலை பல்லாண்டு காலம் ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்டது.

இலங்கையில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் 1923இல் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புக்களைக் கொண்டே அவர் தமது ஒலிபரப்புக் கருவியை அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. 1949இல் அது இலங்கை வானொலி ஆயிற்று. அக்காலத்து மத்திய அலையின் நீளம் ஏறக்குறைய 300 மீற்றர். அத்தகைய பேரலைக்கு ஒரு வீட்டுச் சுவர் பொருட்டன்று. காட்டையும் ஊரையும் ஒரு சிறு கல்லென எண்ணி அது கடந்து செல்லும். அதனை இளைக்கச் செய்தது நெடுந்தூரமே.

ஆகவே அன்றைய கேட்போன் வீட்டுக்கு வெளியே பரிகாரம் தேடினான். முகட்டிலிருந்து தென்னை மரம் வரை செப்புக் கம்பியை இழுத்துக் கட்டினான். இன்னொரு கம்பியை ஈரமண்ணிற் புதைத்தான். பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தான். உயரம், திசை, இடம் ஆகிய மூன்றையும் அவன் நூல் படித்தன்று, காதினாலேயே கற்றான்.

மின்சாரத்தின் அருமையை வன்னியும் யாழ்ப்பாணமும் போர்க்காலத்தில் அறிந்தன. 1990களில் மின்சாரம் நின்றது. உலர் மின்கலங்கள் வடக்கே வருவதற்குத் தடையிருந்தது. மக்கள் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தினால் வானொலிப் பெட்டியை இயக்கினர். ஒருவர் சுற்ற, ஊரவர் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். சுற்றுங் கை தளர்ந்தால் குரலும் தளரும். அலை எவ்வளவு வலிமையோடு வந்தாலும், அதனை வாங்கும் கருவிக்குச் சீரான மின்சாரம் இல்லையேல் பயனில்லை என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமோ?

இனி, சிற்றலை மீண்டு வந்த கதையைக் காண்போம். 1947இல் அத்திலாந்திக் சிற்றியிற் கூடிய சர்வதேச மகாநாடு, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைத் தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கியது. உணவு சூடாக்கும் நுண்ணலை அடுப்பு இயங்குவதும் அவ்வலைவரிசையிலேதான். இரைச்சல் மிகுந்ததெனப் பிறர் விரும்பாத அப்பகுதியை, 1985இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு தனி உரிமம் இன்றிச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்த அனுமதித்தது. வைஃபை பிறந்தது இந்தப் புறம்போக்கு நிலத்திலேதான் எனலாம்.

வீட்டுக்குள்ளே அலை சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளில், பல கணங்களில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று குழப்பும். இக்குழப்பத்தைத் தீர்த்தோருள் அவுஸ்திரேலிய வானியல் ஆய்வாளர் ஜோன் ஓசல்லிவனும் அவர் குழுவினரும் முக்கியமானவர்கள். வெடித்தழியும் சிறு கருந்துளைகளிலிருந்து எழக்கூடிய வானொலித் துடிப்பை முன்னர் அவர் தேடினார், அது கிட்டவில்லை. அத்தேடலில் உருவான கணித முறை பின்னர் இதற்கு உதவியது. 1996இல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வைஃபை என்னும் பெயரும் அதனைத் தாங்கிய மடிக்கணினியும் 1999இல் சந்தைக்கு வந்தன.

இங்கேதான் வரலாறு கேட்போனின் வீட்டுவாயிலைத் தாண்டி உள்ளே நுழைகிறது. இவ்வலையின் நீளம் ஏறக்குறைய 5 அங்குலம். 5 கிகாஹேர்ட்ஸ் அலையாயின் அதிற் பாதியளவே. முன்னாளில் நெடுந்தூரம் தடுத்ததை இன்று ஓர் இரும்பு அலுமாரி தடுத்துவிடும். தடை வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆயின் பரிகாரமும் அதனோடு கூடவே வீட்டுக்காரரின் கைக்கெட்டும் இடத்துக்கு வந்துவிட்டது.

இதற்குத் தமிழகத்தின் தேனி நகரம் நல்ல சான்று. 2005ஆம் ஆண்டளவில், அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கிராமங்களின் கண் பரிசோதனை நிலையங்களோடு, பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வைஃபை அலையினால் இணைக்கத் தொடங்கினர். கிராமத்து நோயாளியைத் தேனியிலிருந்த மருத்துவர் திரையிற் கண்டு பேசினார். வீட்டுக்குள் சில பத்து மீற்றர் செல்லவென அமைந்த அலை, உயர்ந்த கம்பங்களில் ஒன்றையொன்று நேரே நோக்கும் அலைவாங்கிகள் நாட்டப்பட்டதனால், பல கிலோமீற்றர் சென்றது. எனினும் இணைப்பு அடிக்கடி அறுந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, பழுதுகளிற் பெரும்பாலானவை அலையினால் வந்தவையல்ல, ஏறியிறங்கும் மின்சாரத்தினால் வந்தவை என்று தெரிந்தது. டைனமோ சுற்றிய கைகள் முன்னரே அறிந்த உண்மை அது.

இப்பொழுது அக்கராயன் மாணவனிடம் திரும்புவோம். வன்னியின் பல வீடுகளுக்கு இணையம் கம்பி வழியாக வருவதில்லை. தொலைபேசிக் கோபுரத்திலிருந்து ரவுட்டருக்கு ஓர் அலை. ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு மற்றோர் அலை. எது மெலிந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். மடிக்கணினியை ரவுட்டரின் பக்கத்திலே கொண்டுசென்று பாருங்கள். அங்கே நன்றாக இயங்குமாயின் குறை வீட்டுக்குள்ளே இருக்கிறது. அங்கும் தளர்ந்திருக்குமாயின் பெரும்பாலும் குறை கோபுரத்து அலையில். மடிக்கணினியைக் குறைகூறிப் பயனில்லை.

குறை வீட்டுக்குள் என்றால், ரவுட்டரை அலுமாரியின் பின்னாலிருந்தும் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலிருந்தும் அகற்றி, வீட்டின் நடுவில் உயரமான தட்டிலே வையுங்கள். தகரமும் இரும்பும் அலையைத் திருப்பிவிடும். தண்ணீர் அதனை உறிஞ்சும். தடித்த சுவருக்கு அப்பால் இருப்போர் 2.4 அலையையும், அதே அறையில் இருப்போர் வேகமிக்க 5 அலையையும் தெரிவுசெய்தல் தகும். பெரும்பாலான மடிக்கணினிகளில் அலைவாங்கி திரையின் ஓரங்களிலே பதிந்திருக்கும். ஆதலால் மூடியைத் திருப்புவதும், கணினியை ஒரு சாண் நகர்த்துவதும் பலன் தரும். தெறித்து வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்து, அடுத்த சாணிலே ஒன்றையொன்று வளர்க்கின்றன. மின்சாரம் விட்டுவிட்டு வருகிறதா, ரவுட்டரின் செருகி தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை கோபுரத்து அலையில் என்றால், ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசை நோக்கிய யன்னலுக்கு மாற்றுங்கள். மழையில் நனைந்த மாமரத்தின் இலைத்தொகுதி இடையில் நின்றால் வேறு யன்னல் தேடுங்கள். வெளியே அலைவாங்கி பூட்டும் வசதி உள்ள ரவுட்டராயின், பழைய வானொலிக் கம்பத்தைப் போல உயர்ந்த தடியொன்றில் அதனைப் பொருத்தலாம்.

எல்லாம் செய்தும் எட்டாத ஊர்கள் உண்டு. 2021இல், பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடியிருந்தபோது, மலையகத்துப் போகிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் பாடம் பெறுவதற்காகக் காட்டு வழியே நடந்து, மலைப்பாறை ஏறி அலையைத் தேடினர். அலுமாரியை நகர்த்துவது வீட்டாரின் கடமை. மலையை நகர்த்தும்படி பிள்ளையிடம் கேட்பது நியாயமன்று. அங்கே கோபுரம் எழுப்புவது சமுதாயத்தின் கடமை. எங்கே நம் கடமை முடிந்து எங்கே பிறர் கடமை தொடங்குகிறது என்பதை ரவுட்டரின் அருகே செய்யும் அச்சிறு சோதனை காட்டிவிடும். அதனைச் செய்து பார்த்த பின்னர் கேட்போன் எழுப்பும் குரலுக்கு வலிமை அதிகம்.