ஆமையிலிருந்து பூனை வரை: சிறுவர் நிரலாக்கத்தின் வரலாறு



எம் பள்ளியின் கணினி அறையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, ஸ்கிராட்ச் மென்பொருளின் வழி எளிய விளையாட்டுகளை உருவாக்கக் கற்பித்து வருகிறேன். மேலிருந்து விழும் மாம்பழத்தைக் கூடையில் பிடித்தால் ஒரு புள்ளி. இதுவே அன்றைய பாடம். ஒரு மாணவியின் திரையில் மட்டும் பழம் கூடையில் விழுந்தும் புள்ளி ஏறவில்லை. அவள் பாடவேளையின் பாதியை அதிலேயே செலவிட்டுவிட்டாள். மணி அடிக்கும் நேரம் நெருங்கவே, நான் சுட்டியை வாங்கி இரண்டு கட்டைகளை இடம் மாற்றிவைத்தேன். புள்ளி ஏறியது. அவள் மகிழவில்லை. "இப்ப இது உங்க விளையாட்டு டீச்சர்" என்றாள்.

அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சிறுவர்க்கு நிரலாக்கம் கற்பிக்கும் எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆமையின் பிறப்பு

1967-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஓர் ஆய்வு நிறுவனத்தில் வாலி ஃபோய்ர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் சிறுவர்க்கென ஒரு கணினிமொழியை உருவாக்கினர். அதற்கு 'லோகோ' என்று பெயர். 'சொல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அதனைப் பிள்ளைகளின் கையில் தர எண்ணியது பெருந்துணிவே.

பேப்பர்ட் 1928-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த கணித அறிஞர். பயிற்சிக் கல்லூரியில் நாமெல்லாம் படித்த பியாஜேயுடன் ஜெனிவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். குழந்தை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்னும் பியாஜேயின் கருத்தை அவர் மேலும் ஒரு படி நகர்த்தினார். கையால் ஒரு பொருளைச் செய்யும்போதுதான் அந்தக் கட்டுமானம் சிறப்பாக நிகழ்கிறது என்பது அவர் கொள்கை.

சில ஆண்டுகளில் லோகோவுடன் ஓர் 'ஆமை' சேர்ந்தது. முதலில் தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு இயந்திரமாகவும், பின்னர் திரையில் நகரும் உருவமாகவும் அது விளங்கியது. 'முன்னே 100, வலப்புறம் 90' என்பதை நான்கு முறை திரும்பச் செய்தால் சதுரம் கிடைக்கும். சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் 60 பாகை திரும்பச் சொல்வார்கள்; உட்கோணம் 60 என்று படித்திருப்பதே காரணம். ஆனால், ஆமை திரும்ப வேண்டியதோ 120 பாகை. 60 பாகையாகத் திரும்பிக்கொண்டே போனால் அறுகோணம் வந்துவிடும்!

இதை நான் பள்ளி மண்டபத்தில் செய்து பார்த்தேன். ஒரு மாணவனை ஆமையாக நடக்கவிட்டு மற்றவர்கள் கட்டளையிட்டனர். 60 பாகையில் அவன் முக்கோணத்தை விட்டு விலகிப் போவதைக் கண்டு எல்லாரும் சிரித்தனர். பிறகு அவர்களே 120-ஐக் கண்டுபிடித்தனர். நான் வெண்பலகையில் வரைந்து விளக்கியிருந்தால் இது நடந்திருக்காது.

1980-இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலில் பேப்பர்ட் இதையே வலியுறுத்தினார். கணினி பிள்ளையை இயக்கக்கூடாது. பிள்ளையே கணினியை இயக்கவேண்டும். நிரலில் நேரும் பிழை தண்டிக்கத்தக்க குற்றமன்று. ஆராய்ந்து திருத்தவேண்டிய ஒன்று.

சொற்களிலிருந்து கட்டைகளுக்கு

லோகோவிலும் ஓர் இடர் இருந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும், ஓர் இடைவெளி விடுபட்டாலும் ஆமை அசையாது. சிந்தனை சரியாக இருந்தும் எழுத்துப்பிழையால் சோர்ந்த பிள்ளைகள் உண்டு.

இதற்கு விடையாக 1990-களில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கட்டளைகளைக் கட்டைகளாக மாற்றும் முயற்சிகள் தொடங்கின. பேப்பர்ட்டின் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு, 2007-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்கிராட்ச்சை வெளியிட்டது. லெகோ கட்டைகளைப்போலவே இதிலும் பொருந்துவனவே ஒன்றோடொன்று ஒட்டும். இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்துப் புதிய ஓசை எழுப்பும் கலைஞர்களின் செயலிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. இருப்பதைக் கலந்து புதியதைச் செய் என்பதே அதன் உட்பொருள். 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பு கைப்பலகைக் கணினிகளிலும் இயங்குகிறது.

ஸ்கிராட்ச் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2006 டிசம்பரில், மாநாட்டிற்காக ஹனோய் சென்றிருந்த பேப்பர்ட் சாலை விபத்தில் தலையில் பலத்த காயமுற்றார். அதன்பின் அவரால் முன்போல் பணியாற்ற இயலவில்லை. 2016-இல் மறைந்தார்.

நம் வகுப்பறையில்

2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, நம் ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் குறுவட்டுகளும் வழங்கப்பட்டது நினைவிருக்கலாம். அப்போது நான் பணியில் சேர்ந்த புதிது. குறுவட்டை ஓடவிட்டேன், பிள்ளைகள் பார்த்தனர். அதையே கணினிவழிக் கல்வி என்று நம்பினேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின், கருவி மாறியும் என் கை மாறவில்லை என்பதை அந்த மாணவி உணர்த்திவிட்டாள்.

கட்டைகள் எழுத்துப்பிழையை மட்டுமே தடுக்கும். சிந்தனைப் பிழையைத் தடுக்கமாட்டா. தடுக்கவும் கூடாது. அங்கேதான் கற்றல் இருக்கிறது.

அடுத்த வாரம் அவள் மாம்பழ விளையாட்டை அழித்துவிட்டு, பருந்திடமிருந்து கோழிக்குஞ்சு தப்பும் விளையாட்டைத் தொடங்கியிருந்தாள். மீண்டும் அதே பிழை. பருந்து தொட்டும் ஆட்டம் முடியவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தொட்டதா என்று கணினி எத்தனை முறை பார்க்கிறது?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் திரையைப் பார்த்தவள், "தொடங்கும்போது ஒரு தடவதான்" என்றாள். பிறகு அந்தக் கட்டையை இழுத்து, 'எப்போதும்' திரும்பச் செய்யும் கட்டைக்குள் தானே வைத்தாள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தான் செய்த விளையாட்டைக் காட்ட வந்தால், "நன்று" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். "இது எப்படி இயங்குகிறது?" என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, சுட்டி பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். மணி அடித்தால் அடிக்கட்டும். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.