கிழிந்த சிரிப்பு: ஒலிப்பதிவுப் பிழைகளின் ஒரு சிறு வரலாறு

மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டில், தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த உறவினர் ஒருவரின் நினைவுகளைச் சில ஆண்டுகளுக்கு முன் மடிக்கணினியில் பதிவு செய்தேன். மீட்டர் பாதை மின்ரயிலில் தினமும் கடற்கரை நிலையம் வரை வேலைக்குச் சென்று வந்தவர் அவர். இரண்டு மணி நேரம் பேசினார். வீடு திரும்பிக் கேட்டபோது குரலுக்கு அடியில் ஓயாத ரீங்காரம் இருந்தது. கடந்து சென்ற ஒவ்வொரு ரயிலும் ஒரு வாக்கியத்தை விழுங்கியிருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்த இடங்களிலெல்லாம் ஒலி கிழிந்து கிடந்தது. மறுபதிவுக்கு நாள் குறிப்பதற்குள் அவர் மறைந்துவிட்டார். அந்தக் கோப்பைச் சரிசெய்ய முயன்ற நாட்களில்தான் ஒலிப்பதிவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். என் பிழைகளில் எதுவுமே புதியதல்ல என்று தெரிந்தது.

கிழிந்த சிரிப்பிலிருந்தே தொடங்கலாம். 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃபிரெட் கைஸ்பெர்க் கௌஹர் ஜானின் பாடலைப் பதிவு செய்தபோது ஒலிவாங்கி என்ற கருவி அங்கில்லை. பாடகியின் குரல் ஒரு கூம்புக்குள் நுழைந்து அதன் முனையிலிருந்த மெல்லிய தகட்டை அதிரச் செய்தது. அந்த அதிர்வு ஊசி வழியே மெழுகில் தடமாகப் பதிந்தது. கூம்புக்கு மிக அருகில் உரக்கப் பாடினால் தடம் சிதைந்துவிடும். ஆகவே அக்காலப் பாடகர்கள் குரல் உயரும்போது விலகியும் தணியும்போது நெருங்கியும் பாடப் பழகினார்கள். 1925இல் மின்வழிப் பதிவு வந்தபின் அந்த வேலையை ஒலியளவைக் கட்டுப்படுத்தும் குமிழ் ஏற்றுக்கொண்டது.

பின்னால் வந்த காந்த நாடா சற்றுக் கருணையுள்ளது. அளவு மீறிய ஒலியை அது மெல்ல மழுக்கும். கணினிக்கு அந்தக் கருணை கிடையாது. 16 பிட் பதிவில் ஒலியின் ஒவ்வொரு கணமும் -32,768 முதல் 32,767 வரையிலான ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த எல்லையைத் தாண்டும் அலையின் தலை சீவப்படுகிறது. சீவப்பட்டது எங்கும் சேமிக்கப்படுவதில்லை. பேச்சின் உச்சம் வரம்புக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு நான் அமைத்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு இடம் இருந்திருக்கும்.

அடுத்தது வேகம். பழைய இசைத்தட்டுகளைப் பொதுவாக 78 சுற்றுத் தட்டுகள் என்கிறோம். ஆனால் தொடக்ககாலத் தட்டுகள் பலவும் துல்லியமாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் பிசகினால் பாடகரின் சுருதியே மாறிவிடும். இதே பிழை கணினியில் வேறு வடிவில் வருகிறது. நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதே இங்கு வேகம். 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகட்டில் அது 44,100 முறை. காணொளிகளில் வழக்கமாக 48,000 முறை. 48,000 என்று பதிவானதை 44,100 என்று எண்ணி ஒலிக்கவிட்டால் பேச்சு சுமார் எட்டு சதவீதம் மந்தமாகும், சுருதி ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் இறங்கும். நல்லவேளையாக, இது திருத்தக்கூடிய பிழை. சரியான எண்ணைக் கொடுத்தால் குரல் திரும்பிவிடும்.

மூன்றாவது, சுற்றுப்புறம். 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீநிவாசா சினிடோன் என்ற பேசும்பட ஸ்டுடியோவைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன் அங்கே ஒலிப்பதிவாளராகப் பணியாற்றினார். ஒலித்தடுப்பு வசதி இல்லாத காலம் அது. அன்றைய ஸ்டுடியோக்களில் காக்கைகளை விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்ததாகத் திரைப்பட வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தாம்பரத்தின் தொல்லை காக்கையைவிடப் பெரியது. 1931 மே மாதத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிய நாள்முதல் அந்த ஊரின் மௌனம் கால அட்டவணைக்கு உட்பட்டது. மீட்டர் பாதை மின்ரயில் 2004இல் நின்றுபோன பின்னும் அகலப் பாதை ரயில்கள் ஓடுகின்றன. மீனம்பாக்கத்து விமானங்களும் உண்டு.

ரீங்காரத்தின் காரணம் ரயில் அல்ல, என் மின்னேற்றி. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அந்த அலைவு கம்பிகள் வழியே பதிவுக்குள் புகுந்துவிடுகிறது. மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் பதிவு செய்திருந்தால் போதும். இதை அன்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொள்ளத்தான் தோன்றவில்லை.

2000இல் வெளியான ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் இரைச்சலை நீக்கும் என்ற நம்பிக்கை எனக்கிருந்தது. பேச்சில்லாத சில நொடிகளைக் காட்டினால் அதிலுள்ள இரைச்சலைக் கற்று மற்ற இடங்களிலிருந்தும் அது குறைக்கும். ரீங்காரம் மாறாமல் ஒலிப்பது. ஆகவே பெரும்பாலும் போனது. வந்து வளர்ந்து தேயும் ரயிலோசை போகவில்லை. மேலும் அழுத்தினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆனது.

மெழுகுத் தட்டில் பதிந்தவர்களுக்குப் பின்னால் திருத்தும் வசதி இல்லை. அதனாலேயே அவர்கள் முன்னால் கேட்டார்கள். திருத்தலாம் என்ற வசதி என்னிடமிருந்து அந்தக் கவனத்தைப் பறித்துவிட்டது. இப்போது யாரையாவது பதிவு செய்யச் சென்றால், முதலில் அந்த அறையின் மௌனத்தைப் பத்து நொடி பதிவு செய்து கேட்கிறேன். பிறகு பேசுபவரை ஒருமுறை உரக்கச் சிரிக்கச் சொல்கிறேன்.